வெள்ளிக்கிழமைச் சுரங்கம்

பாண்டியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக வளையல்களைக் கழற்றி மேசை மேல் வைப்பாள். மேடையேறுகிறவர்கள் தொண்டையைச் செருமிக்கொள்வது மாதிரி அது. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காதும் கேட்காது, வாயும் பேசாது. பேச்செல்லாம் கையில்தான். வளையல் கிடந்தால் பேச்சு தட்டும்.

அந்த வெள்ளிக்கிழமையும் கழற்றி வைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். திரைக்கு மேலே மாட்டியிருந்த வெப்கேமராவைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரை கறுப்பாகவே இருந்தது.

விளாங்குடியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அந்த பிரவுசிங் சென்டர். கடைக்காரன் விஜய்ஆனந்த். அவனுடைய அத்தை மகன் பாலமுரளி, ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். வெள்ளிக்கிழமை மதியமானால் மில்லில் பெர்மிஷன் சொல்லிவிட்டு இங்கே வந்துவிடுவான். பாண்டியம்மாளுக்காகத்தான் வருவான். கடையின் மூலையில் மூடி கழன்று கிடந்த பழைய கம்ப்யூட்டரில் அவன் கட்டி வைத்திருந்த வி.பி.என். சுரங்கத்தில்தான் அவளுடைய குடும்பமே நடந்துகொண்டிருந்தது.

அவள் புருஷன் காசிமாயன் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் எலக்ட்ரீசியன். அவன் தங்கியிருந்த கேம்ப்பில் இன்டர்நெட் உண்டு. ஆனால் முகம் பார்த்துப் பேசுகிற வசதியை எல்லாம் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். போனில் பேசலாம், பாண்டியம்மாளுக்கு போன் எதற்கு? கடிதம் போடலாம், அவள் பள்ளிக்கூடத்துப் படி மிதித்ததில்லை. போன லீவில் அவன் லேப்டாப்போடு வந்து புலம்பியபோது பாலமுரளி ஒரு வழி பண்ணிக் கொடுத்தான். அந்த லேப்டாப் இந்த மூலைக் கம்ப்யூட்டரோடு தனியாக ஒரு சாவி பேசி வைத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டுக்கும் நடுவே போகிற எதுவும் பூட்டுப் போட்டுத்தான் போகும். நடுவில் நின்று பார்க்கிறவனுக்கு வெறும் குப்பை தெரியும். படமா, பேச்சா, பாட்டா என்று அவனால் சொல்ல முடியாது. அதனால் அடைக்கவும் முடியாது.

வாரா வாரம் அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருவாள் பாண்டியம்மாள். கூடவே காசிமாயனின் தங்கச்சி மீனா. இரண்டு மணி நேரம் புருஷனும் பெண்சாதியும் கையால் பேசுவார்கள். அது எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுத்த சைகை இல்லை. கல்யாணமான புதிதில் இருவருமாக உட்கார்ந்து உண்டாக்கிக்கொண்டது. மீனாவுக்கே அதில் சோறு, தண்ணீர், பஸ் தவிர அதிகம் தெரியாது.

விஜய்ஆனந்த் கல்லாவிலிருந்து எழுந்து பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டான். வில்லாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். "மாப்ள, கடையப் பாத்துக்க. பந்தியில உக்காந்து எந்திரிச்சதும் ஓடியாந்துர்றேன்" என்றவன், அதற்கு மேல் இரண்டு வார்த்தை அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சொன்னான். பாலமுரளியும் அதிலேயே பதில் சொல்லிச் சிரித்தான்.

"எங்களப் பத்தித்தான பேசுனீக?" என்றாள் மீனா.

"ஐயையோ, பாயசம் போட்டா எனக்கும் வாங்கிட்டு வான்னு சொன்னேம்மா."

"யாரு கண்டா? உங்க ரெண்டு பேருக்குத்தான வெளிச்சம்."

ஜன்னலோரத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன் திரும்பினான். "அண்ணே, எதத் தொறந்தாலும் சர்டிபிகேட் சரியில்லன்னு ஒரு பொட்டி வருது."

"எஸ் கொடுங்க, போயிரும்" என்றான் பாலமுரளி, திரும்பிப் பார்க்காமலே.

கடை போன் அடித்தது. காசிமாயன்தான். காலிங் கார்டில் பேசினான்; குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அண்ணே, சிக்க மாட்டேங்குதுண்ணே. அந்தச் சின்ன வெளக்கு மஞ்சள் கலர்லயே நிக்குது. கீழ என்னமோ ஹேண்ட்ஷேக் பெயில்டுன்னு வருது."

"இருங்கண்ணே, பாக்குறேன்."

"சீக்கிரம்ணே. இன்னைக்குத்தான் அது. மூணு மணி தாண்டுனா வண்டி வந்துரும்ணே, உங்க டயத்துக்கு."

பாலமுரளிக்கு அது தெரியும். போன வாரம் காசிமாயன் திரையில் கையாலும், நடுநடுவே இவனிடம் வாயாலும் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். இப்போதைய வேலை முடிந்துவிட்டது. கம்பெனி ஒரு காகிதத்தை நீட்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் பாலைவனத்துக்குள்ளே புது சைட்; இரண்டு வருஷம்; நடுவில் லீவு கிடையாது, இன்டர்நெட் கிடையாது. போடாவிட்டால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம். "நீ என்ன சொல்றியோ அதான்" என்று பெண்சாதியைக் கேட்டிருக்கிறான். அவள் அடுத்த வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருக்கிறாள். இன்றைக்குக் கம்பெனி ஆள் வண்டியோடு வந்து காகிதங்களை வாங்கிக்கொண்டு போகிறான்.

அவள் பதில் அவள் கைக்குள் இருந்தது. மேசை மேல் இரண்டு கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

மீனா போனை எட்டி வாங்கினாள். "அண்ணே, நான்தான். மதினி கையெழுத்துப் போடத்தான் சொல்றாக."

மறுமுனையில் காசிமாயன் சிரித்தது பாலமுரளிக்கே கேட்டது. "உனக்குத் தை மாசம் கல்யாணம் வச்சிருக்கு. உன் வாயில வேற என்னத்தா வரும்? போனை முரளி அண்ணன்ட்ட குடு. நான் அவ கையப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன்."

மீனா முகம் சுண்டிப்போய் போனைக் கொடுத்தாள். 

பாலமுரளி மூலைக் கம்ப்யூட்டர் முன் குந்தினான். சாவிகளுக்கு அவன் வைத்திருந்த ஆயுள் இரண்டு வருஷம். அவற்றைச் செய்து கொடுத்ததும் ஏறக்குறைய இந்தப் பருவத்தில்தான். ஆயுள் முடிந்திருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டினான். ஹேண்ட்ஷேக் என்கிற அந்தக் கை குலுக்கல் எங்கே தவறியது என்று அந்தக் கம்ப்யூட்டரே ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கும். திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. அவன் பார்க்கவில்லை. 

"அஞ்சு நிமிஷ வேலைண்ணே" என்று போனை வைத்தான்.

புதுச் சாவி செய்யும்போது அவன் விரல் வழக்கமாகத் தட்டுகிற முதல் கட்டளை, பழையதை எல்லாம் வழித்துத் துடைக்கிற கட்டளை. தட்டிவிட்டான். தட்டிய பிறகுதான் உறைத்தது. சாவிகளோடு சேர்ந்து அந்தப் பெரிய எண்ணும் போய்விட்டது. இரண்டு பக்கமும் பொதுவாக வைத்துக்கொள்கிற, நூற்றுக்கணக்கான இலக்கம் நீள்கிற பகா எண். அதைப் புதிதாகத் தேடித்தான் எடுக்க வேண்டும். மில்லில் இருக்கும் புது மெஷின் என்றால் பரவாயில்லை. இது கிழட்டு மெஷின். 

தேடச் சொன்னான். மூலைக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொரு புள்ளி. வரிசையாகப் புள்ளிகள். எப்போதாவது ஒரு கூட்டல் குறி.

"என்னண்ணே இது, கோலத்துக்குப் புள்ளி வைக்குது?" மீனா குனிந்து பார்த்தாள்.

"ஒரு நம்பரத் தேடுதும்மா. கிடைக்கிற வரைக்கும் புள்ளி வைக்கும்."

"எம்புட்டு நேரம் தேடும்?"

"அது கிடைக்கிறதப் பொறுத்து."

"அது எதுக்குண்ணே? உங்ககிட்ட உள்ள சாவிய மெயில்ல அனுப்பிவிட்டா எங்க அண்ணன் தொறந்துக்கிற மாட்டாரா?"

"போற வழியில எவனாச்சும் எடுத்துக் காப்பி பண்ணிட்டா?" புள்ளிகளிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் அவன் சொன்னான். "சாவி எங்கயும் போகக் கூடாது. ரெண்டு பக்கமும் தனித்தனியா ஒரே சாவி உண்டாகணும். இப்ப, உன் மதினி ஒரு பானை பருப்பு வேக வைக்கிறாக. உங்க அண்ணன் அங்க அதே அளவுப் பருப்பு வேக வைக்கிறாரு. மதினி தன்னோட பொடியப் போடுறாக, என்ன பொடின்னு யாருக்கும் சொல்ல மாட்டாக. அண்ணன் தன்னோட பொடியப் போடுறாரு. இப்ப பானைய மாத்திக்கிறாங்க. வந்த பானையில அவங்கவங்க பொடிய மறுபடி போட்டா?"

மீனா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டு பானையிலயும் ரெண்டு பொடியும் விழுந்துரும். ஒரே ருசி."

"அந்த ருசிதான் சாவி. பொடி யார் கையையும் விட்டுப் போகல."

"நடுவுல பானை தூக்கிட்டுப் போறவன் ருசி பாத்தா?"

"பாக்கட்டும். கலந்த பொடியப் பிரிச்சு எடுக்க முடியுமா?"

"ரெண்டு பானையிலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒண்ணா ஊத்துனா?"

பாலமுரளி முதன்முதலாகத் திரும்பி அவளைப் பார்த்தான். மில்லில் அவனுடைய மேனேஜர்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "பருப்பு ரெட்டிப்பாயிருமேம்மா. ருசி வேறயாயிரும்."

"ஆமால்ல" என்றாள். உடனே அடுத்தது: "சரி, பானை எங்க அண்ணன் அனுப்புனதுதான்னு மதினிக்கு எப்படித் தெரியும்? நடுவுல உள்ளவன் தன் பானைய மாத்தி வச்சிட்டா?"

"அதுக்குத்தான் சர்டிபிகேட். தாசில்தார் ஆபீஸ் சீல் மாதிரி. இது இன்ன ஆளு, இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் செல்லும்னு நான் சீல் குத்திக் கொடுப்பேன். சீல் சரியா இருந்தாத்தான் அந்தப் பக்கம் பானையவே தொடும்."

பாண்டியம்மாள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனாவின் தோளைத் தட்டி என்ன என்று கேட்டாள். மீனா சோறாக்குவது போலக் கை காட்டினாள். பாண்டியம்மாள் அவளை முறைத்தாள். புருஷன் முகத்தைப் பார்க்க வந்த இடத்தில் என்ன சோறு?

புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. திரை நிறைந்து மேலே ஏறியது. கல்லூரிப் பையன் காசு கொடுத்துவிட்டுப் போனான். கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்துக்குப் பேரம் பேசினார்கள். திண்டுக்கல் ரோட்டில் பஸ்கள் அடித்துப் பிடித்துப் போயின. பாலமுரளிக்குச் செய்ய ஒன்றுமில்லை. அந்த மெஷினைத் தட்டிக் கொடுக்கவோ, பின்னாலிருந்து தள்ளவோ முடியாது. அது தன் பாட்டுக்கு ஒரு எண்ணை எடுக்கும், வகுத்துப் பார்க்கும், இல்லை என்று எறியும், அடுத்ததை எடுக்கும். மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒரே ஒருத்தரைத் தேடுகிற மாதிரி.

மூன்று மணியை நெருங்கும்போதுதான் புள்ளிகள் நின்றன.

அப்புறம் வேகம். மூலைக் கம்ப்யூட்டருக்குச் சாவியும் சர்டிபிகேட்டும் செய்தான். காசிமாயன் மறுபடி கூப்பிட்டான். போன லீவில் லேப்டாப்பில் வைத்துக் கொடுத்த ஃபைலை அமுக்கச் சொன்னான் பாலமுரளி. அந்தப் பக்கமே தனக்கு ஒரு சாவி செய்துகொண்டது. சீல் கேட்டு ஒரு விண்ணப்பம் மட்டும் மெயிலில் வந்தது. பாலமுரளி சீல் குத்தித் திருப்பி அனுப்பினான். கனமே இல்லாத ஃபைல்கள். மூச்சு விடுவதற்குள் போய்ச் சேர்ந்தன.

"போட்டுட்டேண்ணே. இப்ப கிளிக் பண்ணட்டா?"

"பண்ணுங்க."

பாண்டியம்மாள் பாலமுரளியின் முகம் மாறியதைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே... இப்ப வேற என்னமோ போடுது. சர்டிபிகேட் ஹாஸ்... இ, எக்ஸ், பி... எக்ஸ்பைர்டு."

"எக்ஸ்பைர்டா? இருக்காதுண்ணே. இப்பத்தான் செஞ்சேன்."

"எனக்கென்ன தெரியும்? போட்டதப் படிக்கிறேன்."

"உங்க லேப்டாப்புல தேதி என்னன்னு பாருங்க."

காசிமாயன் படித்தான். தேதி சரி, மாசம் சரி, வருஷம் 2006, அதுவும் சரி. பாலமுரளி தன் பக்கத்தைப் பார்த்தான். திரை ஓரத்தில் மணி மூன்று ஐந்து. கைக்கடிகாரத்திலும் மூன்று ஐந்து. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பிறந்து பத்து நிமிஷம் ஆகாத பிள்ளைக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று அந்தப் பக்கத்து மெஷின் சாதிக்கிறது.

மறுபடி சீல் குத்தினான். மறுபடி அனுப்பினான். மறுபடி எக்ஸ்பைர்டு. கழுத்தில் வியர்வை வழிந்து சட்டைக்குள் இறங்கியது. இப்போது எழுத்துகளைத் தப்புத் தப்பாகத் தட்டினான்.

"ஏண்ணே, மதினி பேசுறதப் படம் புடிச்சு மெயில்ல அனுப்புனா?" என்றாள் மீனா.

நல்ல யோசனைதான். வெப்கேமராவில் ஒரு நிமிஷம் வெறும் சுவரைப் பிடித்துப் பார்த்தான். அந்த மட்டமான சாஃப்ட்வேர் அதையே யானை மாதிரி பெரிய ஃபைலாக்கி வைத்தது. மெயில் அதை வாங்கவே மாட்டேன் என்றது.

மீனா அண்ணியின் எதிரே போய் நின்றாள். எழுதுவது போலக் காட்டி, தலையை ஆட்டி, போடவா வேண்டாமா என்று கேட்டாள். பாண்டியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் கறுப்புத் திரையை விரலால் தொட்டுக் காட்டினாள். அவருக்குத்தான் சொல்வேன். உனக்கு எதற்கு?

போன் அடித்தது. "அண்ணே, வண்டி வந்துருச்சு. கீழ ஆரன் அடிக்கிறான். கார்டுலயும் காசு தீரப் போகுது." காசிமாயன் குரல் இப்போது அடங்கிப் போயிருந்தது. "ஒண்ணு செய்யுங்க. அவ என்ன கை காட்டுறாளோ, அத அப்படியே வாயால சொல்லுங்க. நான் புரிஞ்சுக்கிறேன்."

"எனக்குப் புரியாதேண்ணே."

"உங்களுக்குப் புரிய வேணாம். அதனாலதான் உங்களக் கேக்குறேன். கை எங்க போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. மாத்திச் சொல்ல மாட்டீங்கல்ல."

மாட்டான். அந்த ஒரு விஷயத்தில் பாலமுரளிக்குச் சந்தேகமே இல்லை. வந்ததை வந்தபடி அனுப்புவதுதானே அவன் தொழில். போனைக் காட்டி, திரையைக் காட்டி, பேசு என்று பாண்டியம்மாளிடம் கெஞ்சுவது போலக் கைகூப்பினான். அவளுக்கு என்ன புரிந்ததோ, மெல்லத் தலையசைத்தாள். கறுப்புத் திரைக்கு மேலே இருந்த வெப்கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பாலமுரளி அவள் விரல்களையே பார்த்தான். இமைக்கவில்லை.

"மீசைய முறுக்குற மாதிரி செய்யுறாங்கண்ணே."

"அது நாந்தான். மேல."

"ரெண்டு விரலக் காட்டுறாங்க... உள்ளங்கையக் கவுத்து, கீழ அமுக்குறாங்க. ரெண்டு தடவை."

"ம்."

"கைய நெஞ்சுல வைக்கிறாங்க. நெஞ்சுலயே வச்சிருக்காங்க... இப்ப எடுத்துட்டாங்க. கை மடியில இருக்கு."

எங்கேயோ ஆரன் மட்டும் கேட்டது.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாண்ணே."

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க."

பாலமுரளி அவளை மறுபடி செய்யச் சொன்னான். அதே மீசை, அதே இரண்டு விரல், அதே கவிழ்ந்த உள்ளங்கை, அதே நெஞ்சு. ஒன்று விடாமல், ஒன்று கூட்டாமல் சொன்னான்.

"சரிண்ணே" என்றான் காசிமாயன். ஏதோ தூக்கி வைக்கிற மாதிரி ஒரு மூச்சு விட்டான். கார்டு தீர்ந்து போன் அறுந்தது.

பாண்டியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலமுரளி கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் முகம் மலர்ந்தது. அவன் அவளை இத்தனை நாள் பார்த்ததில் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள்.

பாலமுரளி நாற்காலியில் சாய்ந்தான். மெஷின் கைவிட்டாலும் மனுஷன் கைவிடவில்லை என்று ஒரு நினைப்பு வந்தது; கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

படியேறி வந்தான் விஜய்ஆனந்த். வெற்றிலைச் சிவப்பும் கையில் ஒரு தூக்குவாளியுமாக. "இந்தா மாப்ள, பாயசம். என்ன, மூஞ்சி பேயடிச்ச மாதிரி இருக்கு?"

"சுரங்கம் வேலை செய்யல. புதுசா செஞ்ச சர்டிபிகேட்ட எக்ஸ்பைர்டுங்குது."

"அப்படியா? நான் ஒண்ணும் செய்யலப்பா. டைமர் சாஃப்ட்வேர்தான் நேத்துச் செத்துப் போச்சு. வழக்கம்போல தேதியத் தள்ளிட்டேன்."

பாலமுரளி வாளியைக் கீழே வைத்தான்.

எத்தனை பேர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்று கணக்கு வைக்கிற அந்த சாஃப்ட்வேர் சோதனைக்குக் கொடுத்தது. முப்பது நாள்தான் ஓடும். விஜய்ஆனந்த் அதை வருஷக்கணக்கில் ஓட்டினான். முப்பது நாள் முடிந்ததும் கம்ப்யூட்டரின் தேதியைக் கடை திறந்த முகூர்த்த நாளுக்கு இழுத்துவிடுவான். ராசியான நாளாம். 2002 வைகாசி. அந்த மெஷினின் தலையில் மறுபடி முதல் நாள். பாலமுரளியும் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். ஆனால் அதெல்லாம் கல்லாவிலிருந்த கம்ப்யூட்டரில். போன மாசம் அது புகைந்து போனதால், கணக்கு சாஃப்ட்வேரை மூலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தான் விஜய்ஆனந்த். அது கடையிலுள்ள எல்லா மெஷின்களுக்கும் தன் தேதியையே கொடுக்கும்.

சுட்டியை நகர்த்தி மணியின் மேல் வைத்தான் பாலமுரளி. சின்ன மஞ்சள் பெட்டியில் தேதி வந்தது. கடை திறந்த முகூர்த்தத்துக்கு மறுநாள், 2002. 

மணி சரி. நாலு வருஷம் தப்பு. 2002-இல் உட்கார்ந்துகொண்டு அவன் குத்திய இரண்டு வருஷ சீல், அந்தப் பக்கம் போய்ச் சேரும்போதே காலாவதி. காலையிலிருந்து ஒவ்வொரு மெஷினும் பெட்டி போட்டுக் கத்தியிருக்கிறது. எஸ் கொடுங்க என்று இவன்தான் சொன்னான். அவன் துடைத்து எறிந்த பழைய சாவிக்கு இன்னும் ஆயுள் இருந்திருக்கும். தேதியை மட்டும் திருத்தியிருந்தால் இரண்டு மணிக்கே சுரங்கம் திறந்திருக்கும்.

"ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"தேதியத்தான மாப்ள மாத்தினேன். மணியத் தொடவே இல்லையே" என்றான் விஜய்ஆனந்த், நிஜமாகவே புரியாமல்.

பாலமுரளி தேதியைத் திருத்தினான். புதுச் சீல் குத்தினான். பெரிய எண் கையில் இருந்ததால் ஐந்து நிமிஷ வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. மெயிலில் அனுப்பி வைத்தான். முக்கியமான சேதி போய்விட்டது. இனி நிதானமாகத் திறந்தால் போதும். பாயசத்தை டம்ளர்களில் ஊற்றி மீனாவுக்கும் பாண்டியம்மாளுக்கும் கொடுத்தான்.

பாயசம் தீர்வதற்குள் போன் வந்தது. யாரோ ரூம்காரனின் கார்டில் கூப்பிட்டான் காசிமாயன்.

"முடிஞ்சுதுண்ணே. இப்பவாச்சும் அவளப் பாக்கலாமா?"

"இப்ப வரும்ணே. மெயில்ல இருக்கு, எடுத்துப் போடுங்க."

மூலைக் கம்ப்யூட்டரில் வரிகள் ஓடின. இந்தப் பக்கம் ஒரு ரகசியம், அந்தப் பக்கம் ஒரு ரகசியம், நடுவில் பானை மாற்றல். சீல் சரி. தேதி சரி. கண் மூடித் திறப்பதற்குள் இரண்டு மெஷின்களிலும் ஒரே சாவி. சின்ன விளக்கு பச்சையானது. திரையில் காசிமாயன் வந்தான். குளித்துத் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு, கண்கள் சிவந்து.

பாண்டியம்மாள் வளையல்களை இழுத்துக் கழற்றினாள். இரண்டு கீழே விழுந்து உருண்டன. கையை விரித்து எப்போது என்று கேட்டாள். சட்டைப் பை, விமானம், வீடு என்று கேள்விகள் விரல்களில் ஓடின. அவை என்னவென்று பாலமுரளிக்கே ஓரளவு புரிந்தது.

காசிமாயனின் கை பாதியில் நின்றது. மெதுவாக, உள்ளங்கையில் எழுதிக் காட்டினான். இரண்டு விரலைக் காட்டினான். 

அவள் மறுபடி மீசையை முறுக்கினாள். இரண்டு விரல். கவிழ்ந்த உள்ளங்கை, இரண்டு முறை. நெஞ்சில் கை. அதே நான்கு சைகைகள்; பாலமுரளி இரண்டு தடவை வரி பிசகாமல் சொன்னவை. இந்த முறை அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உள்ளங்கையை அமுக்கும்போது அவளுடைய கீழுதடு ஒரு பக்கமாகச் சுழிந்தது. மோவாய் லேசாக மேலே போனது.

"அண்ணே" என்றது ஸ்பீக்கர். காசிமாயன் கத்தவில்லை. "கையெல்லாம் நீங்க சரியாத்தான் சொன்னீங்க. உதட்டச் சொல்லலையே. வேணாங்கிறத அவ கையால சொல்ல மாட்டாண்ணே. உதட்டச் சுழிப்பா. 'ரெண்டு வருசம் அங்க இருக்க வேணாம், என் மனசு தாங்காது'ன்னு சொல்லியிருக்கா. கைய மட்டும் கேட்டா 'ரெண்டு வருசம் இருந்துட்டு வா, அதான் என் மனசு'ன்னு வருது."

பாலமுரளி திரையை நோக்கிக் குனிந்தான். "நீங்க உதட்டக் கேக்கலையேண்ணே."

"அம்புட்டுத்தானான்னு கேட்டேனேண்ணே."

மீனா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வண்டி இப்பத்தான போயிருக்கும்? ஓடிப்போய் வாங்கிர முடியாதா? போன் பண்ணிச் சொல்லுங்க, தப்பாயிருச்சுன்னு."

"காகிதத்தோட பாஸ்போர்ட்டையும் வாங்கிட்டுப் போயிட்டான்ணே. காலையில சைட்டுக்கு பஸ்."

திரையில் அவன் பெண்சாதியின் பக்கம் திரும்பினான். அப்புறம் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். நான்கு கைகள், இரண்டு முகங்கள். எது கெஞ்சல், எது ஏச்சு, எது சமாதானம் என்று யாராலும் சொல்ல முடியாது. மீனா ஒரு தரம் அண்ணியின் முதுகில் கை வைத்தாள். பாண்டியம்மாள் அதைத் தட்டிவிட்டாள். விஜய்ஆனந்த் தன் மொழியில் ஏதோ கேட்டான். பாலமுரளி அதே மொழியில், பேசாமல் இரு என்றான். 

சுரங்கம் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. மணிக்கு ஒரு முறை இரண்டு மெஷின்களும் பழைய சாவியை எறிந்துவிட்டு, யாரையும் கேட்காமல், ஆளுக்கொரு புது ரகசியம் உண்டாக்கி, பானை மாற்றிக்கொண்டன. பாலமுரளி அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த இரண்டு பேரைப் பார்க்க அவனால் முடியவில்லை.

"கடைசி பஸ்ஸுண்ணே" என்றாள் மீனா கடைசியில், அவனிடம் மன்னிப்புக் கேட்பது போல.

காசிமாயன் அணைக்கவில்லை. பாண்டியம்மாள்தான் எழுந்து, பாலமுரளியைப் பார்த்து, அணைக்கச் சொன்னாள். அணைத்தான். அவள் குனிந்து கீழே உருண்ட வளையல்களைத் தேடி எடுத்தாள். ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாமல் முந்தானையில் முடிந்தாள்.

படி இறங்கப் போனவள் திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள். கையைத் தூக்கி அவனிடம் ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவன் இந்த முறை கையைப் பார்த்தான், உதட்டைப் பார்த்தான், புருவத்தை, மோவாயை, கண்ணை, ஒன்றையும் விடவில்லை. 

"என்னம்மா சொல்றாங்க?" என்றான் மீனாவிடம்.

மீனா அண்ணியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "எனக்குத் தெரியலண்ணே" என்றாள். 

கீழே பஸ் ஆரன் அடித்தது. இரண்டு பேரும் ஓடினார்கள்.